பித்தளைப் பானைக்கு ஒரு கேட் பாஸ்

வெள்ளைச்சாமியிடம் எதை நீட்டினாலும் முதலில் அடியைத் திருப்பிப் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, கோயில் பிரசாதமானாலும் சரி, ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். மனிதரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? முப்பத்திரண்டு வருஷமாக அவர் வேலையே அதுதான். நெய்வேலியில் சுரங்கத்து ஒர்க்‌ஷாப் ஒன்றின் ஸ்டோர்ஸ் கேட்டில் நின்று, உள்ளே போகிறவன் பையையும் வெளியே வருகிறவன் பையையும் திறந்து பார்ப்பது. ஒரு போல்ட் வெளியே போவதென்றாலும் கேட் பாஸ் வேண்டும். அந்தப் பாஸில் இரண்டு வகை உண்டு. பழுது பார்க்கப் போகிற மோட்டார் மாதிரி சாமானுக்கு ‘திரும்பி வர வேண்டியது’ என்று எழுத வேண்டும். போனால் போனதுதான் என்கிற கழிவுச் சாமானுக்கு ‘திரும்ப வேண்டாதது’ என்று எழுத வேண்டும். திரும்பி வர வேண்டியது சொன்ன தேதியில் வந்து சேராவிட்டால் வெள்ளைச்சாமிக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

ஒருமுறை ஒருவன் டிபன் கேரியரின் அடியடுக்கில் செம்புக் கம்பியைச் சுருட்டி வைத்து, மேலே மிச்சச் சாம்பாரை ஊற்றிக்கொண்டு வந்தான். வெள்ளைச்சாமி மூடியைக்கூடத் திறக்கவில்லை. கையில் வாங்கியதுமே, “எடுத்து வெளிய வை” என்றார். சாப்பிட்டு முடித்த கேரியர் எவ்வளவு கனக்கும் என்று என் கைக்குத் தெரியும் என்று அதற்கப்புறம் பத்து வருஷம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்களுக்கும் அலுத்துப் போயிற்று.

வீட்டிலும் அதே கதைதான். நிறுத்துக் கொட்டிய கத்தரிக்காயைக் கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பார். காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரை நிற்க வைத்து உருட்டிப் பார்ப்பார். மனைவி நாகம்மாள் கோயிலுக்குப் போய் வந்தால், எந்தக் கோயில், என்ன பூசை, யார் வந்திருந்தார்கள் என்று மூன்று கேள்வி கேட்பார். அவளும் முப்பது வருஷமாகச் சளைக்காமல் மூன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு இந்த டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். அதிகம் பேச மாட்டாள். அதிகம் பேசாதவனிடம்தான் உஷாராக இருக்க வேண்டும் என்பது கேட்டில் வெள்ளைச்சாமி கற்ற பாடம். வீட்டில் மட்டும் அதை மறந்துவிட்டார்.

இத்தனை காவல் உள்ள வீட்டில் ஒரே மகள் ஹரிணி காதலித்தாள் என்பதுதான் வேடிக்கை. அதுவும் யாரை? தினமும் இவரே பையைத் திறந்து பார்த்து உள்ளே அனுப்பிய அறிவழகனை. டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து கிராமத்துக்காரன், அதே ஒர்க்‌ஷாப்பில் வெல்டர், கான்ட்ராக்ட் ஆள். பெர்மனன்ட் ஆள் பெற்ற பெண்ணைக் கான்ட்ராக்ட்காரன் கட்டுவதா என்று பிளாக்கே கேட்கக் கத்தினார் வெள்ளைச்சாமி. சாதி வேறு என்பதும் அந்தக் கத்தலுக்குள் இருந்தது. அதை மட்டும் வாயால் சொல்ல மாட்டார், கான்ட்ராக்ட் கான்ட்ராக்ட் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஹரிணி ஒருநாள் பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அன்றைக்கு வாசலில் நின்று நாகம்மாளிடம் அவர் சொன்னது இதுதான்:

“இந்த வாசலத் தாண்டி ஒரு கரண்டிகூட அவ வீட்டுக்குப் போகக் கூடாது. போச்சுன்னு தெரிஞ்சா, அன்னைக்கே நான் தனியா ஊருக்குப் பஸ் ஏறிருவேன்.”

நாகம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

தலைப்பொங்கல் வந்தது. பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு என்று பெண் வீட்டுச் சீர் போக வேண்டிய பொங்கல் அது. போகவில்லை. அடுத்த பொங்கலுக்கும் போகவில்லை. சீர் வராத மருமகளை அக்கம்பக்கத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்று நாகம்மாளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இது மூன்றாவது பொங்கல். வருகிற மே மாதம் வெள்ளைச்சாமி ரிட்டயர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட வேண்டியதுதான். ஆக, மகள் இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற கடைசிப் பொங்கலும் இதுதான்.

இந்த நேரத்தில்தான் எதிர் குவார்ட்டர்ஸ் சந்திரகலா ஒரு திட்டத்தோடு கிளம்பினாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், சுறுசுறுப்பு. போன வருஷப் போகியன்று பிளாக்கில் பாயும் டயரும் பிளாஸ்டிக் குடமும் கொளுத்தி, பனியோடு புகை சேர்ந்து, கைக்குழந்தைகளெல்லாம் இருமித் தீர்த்ததை அவள் மறக்கவில்லை. இந்த வருஷம் எதையும் எரிக்க வேண்டாம், எதையும் புதிதாக வாங்கவும் வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். சொன்னதைச் செய்தும் காட்டினாள். கிறிஸ்துமஸுக்கு முனை வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி ஒட்டிய நட்சத்திரம் தொங்கியது. புதுவருஷத்துக்குக் கேக் வெட்டாமல் கொழுக்கட்டை அவித்தார்கள். கோலத்துக்குக் கலர்ப்பொடி இல்லை, அரிசி மாவுதான், எறும்பாவது தின்னட்டும் என்றாள். எல்லாவற்றுக்கும் மேலாக, கிறிஸ்துமஸ் லீவில் தொடங்கிப் போகிக்கு முந்தின நாள் வரைக்கும் பிளாக் சமுதாயக் கூடத்தில் ஒரு நீள மேசை போட்டாள். வீட்டில் உபயோகப்படாமல் கிடக்கிற நல்ல சாமானை அதில் வைத்துவிட்டுப் போகலாம். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம். டவுன்ஷிப்காரர்கள்தான் என்றில்லை, வடக்குத்திலிருந்து வந்தாலும் எடுக்கலாம். காசு பணம் கிடையாது, யார் வைத்தது என்ற பேச்சும் கிடையாது.

சும்மா கொடுப்பார்களாம், சும்மா எடுப்பார்களாம். வெள்ளைச்சாமிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. நேரே போய்க் கேட்டார்.

“ஏம்மா, மிச்சம் விழுறதெல்லாம் எங்க போகும்?”

“மிச்சமே விழாதுங்ண்ணா.”

“பழைய இரும்புக்காரன் எவனுக்காவது சொல்லி வச்சிருக்கீங்களா?”

சந்திரகலா சிரித்துவிட்டாள். “உங்களுக்குச் சந்தேகமா இருந்துச்சுன்னா நீங்களே வந்து கதவுகிட்ட உக்கோந்துக்கோங்ண்ணா. உங்களை விட்டா இந்த வேலைக்கு ஆளு ஆருங்க?”

இந்தப் புகழ்ச்சியிலும் ஏதோ உள்குத்து இருக்கிறது என்றுதான் நினைத்தார். ஆனாலும் போய் உட்கார்ந்தார். சாயங்காலம் டூட்டி முடிந்து ஐந்து மணியிலிருந்து அவர், பகலில் சந்திரகலா என்று ஏற்பாடு. கிழித்துப் போட்ட தினசரிக் காலண்டர் தாள்களை அடுக்கி வைத்துக்கொண்டு, பின்பக்கத்தில் கேட் பாஸ் எழுத ஆரம்பித்தார். சாமான் பெயர், கொண்டுபோகிறவர் பெயர், கீழே ‘திரும்ப வேண்டாதது’. ஓட்டைக் குடை எடுத்தவருக்கும் பாஸ், ஒற்றைக் கால் ஆடுகிற ஸ்டூல் எடுத்தவருக்கும் பாஸ். ஜனங்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள். அவர் சிரிக்கவில்லை. பகலில் சந்திரகலா யாருக்கும் எதுவும் எழுதிக் கொடுப்பதில்லை என்பது மட்டும் அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டால், “எழுதறதுக்கு நேரமில்லீங்ண்ணா” என்றாள்.

ஜனவரி முதல் வாரம், ஒரு நாள் காலை. எதிரில் நிற்கிறவன் முகம் தெரியாத அளவுக்குப் பனி. கேட்டில் வரிசை நின்றது. பீடி, தீப்பெட்டி உள்ளே போகாமல் பார்க்க வேண்டும் என்பதால் காலையிலும் பை திறக்கிற வேலை உண்டு. வரிசையில் அறிவழகன் வந்தான். மூன்று வருஷமாக இப்படித்தான். அவன் பையை வைப்பான், இவர் திறப்பார், இவர் மூடுவார், அவன் எடுத்துக்கொண்டு போவான். மாமனார் மருமகன் உறவு அதோடு சரி. ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் அந்த டிபன் டப்பாவை மட்டும் மற்ற டப்பாக்களைவிட ஒரு நொடி கூடுதலாகத் திறந்து வைத்திருப்பார். உருளைக்கிழங்கைத் தோலோடு நறுக்கியிருக்கும். நாகம்மாள் நறுக்குகிற மாதிரியே இருக்கும். அதை ஏன் பார்க்கிறோம் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ஊரையெல்லாம் கேள்வி கேட்கிற மனிதர் தன்னை மட்டும் விட்டுவிட்டார்.

அன்றைக்கு அறிவழகன் மேசைமேல் வைத்தது டப்பா இல்லை. மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர். வெள்ளைச்சாமி வழக்கம்போல அடியைத் திருப்பினார். வெ.நா. என்று எழுத்து வெட்டியிருந்தது. வெள்ளைச்சாமி, நாகம்மாள். அவர் கல்யாணத்துக்கு வாங்கி, கடைவாசலிலேயே நின்று பெயர் வெட்டிக்கொண்டு வந்த கேரியர்.

“இது ஏது?” என்றார். மூன்று வருஷத்தில் மருமகனிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

“வூட்ல குடுத்தாங்க சார்.”

“எந்த வீட்டுல?”

“எங்க வூட்லதான் சார்.” அறிவழகன் கண்ணைத் தாழ்த்தவில்லை. திமிராகவும் பார்க்கவில்லை. “அந்த ஹால்ல இருந்து எடுத்துகினு வந்ததுன்னு சொன்னாங்க.”

பின்னால் நின்றவர்கள், “சார், பஞ்ச் பண்ண லேட்டாவுது” என்று முனகினார்கள். டிபன் கேரியருக்குக் கேட் பாஸ் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. வெள்ளைச்சாமி மூடி அனுப்பிவிட்டார். அன்று முழுக்க யார் பையைத் திறந்தாலும் அவர் கண்ணில் எதுவும் படவில்லை. எவனாவது ஒரு மோட்டாரையே தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் நாகம்மாள் கோலமாவு வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துச் சமையலறைக்குள் புகுந்தார். கேரியர் இருந்த இடத்தில் பழைய பேப்பரை அடுக்கி இடைவெளி தெரியாமல் செய்திருந்தாள். இட்லிக் கொப்பரை இல்லை. முறுக்கு உரல் இல்லை. பரணில் கம்பளி இல்லை. கரண்டிக் கூட்டைப் பார்த்தார். நீளச் சட்டுவம் ஒன்று குறைந்தது. ஒரு கரண்டிகூடப் போகக் கூடாது என்று சொன்னவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்திரண்டு வருஷம் கேட்டில் ஒரு ஆணி போக விட்டதில்லை, சொந்த வீட்டில் சமையலறை பாதி நகர்ந்து போயிருக்கிறது. கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் வந்தது.

எல்லாம் புரிந்தது. அவள் மகள் வீட்டுக்கு எதையும் கொண்டுபோகவில்லை. மேசையில்தான் வைத்தாள். மேசையிலிருந்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அவர் கேட்டில் நிற்கிற பகல் நேரத்தில் ஹரிணி வந்து எடுத்திருக்கிறாள். சந்திரகலா உடந்தை. நீங்கள் சொன்ன சொல்லை நான் மீறவில்லையே என்று நாகம்மாள் நாளைக்கே சொல்லலாம். அவள் சொல்ல மாட்டாள், ஆனால் சொல்லலாம். அதுதான் அவரைக் குடைந்தது.

உடனே கேட்டுவிடலாமா என்று நினைத்தார். கேட் புத்தி தடுத்தது. சாமான் தாண்டுகிற நேரத்தில்தான் கையைப் பிடிக்க வேண்டும். முன்னாலேயே பிடித்தால், சும்மா எடுத்துப் பார்த்தேன் என்பான். ஆகவே வெள்ளைச்சாமி வாயை மூடிக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காத்திருந்தார். நாகம்மாள் எழுந்தால் எழுந்தார், உட்கார்ந்தால் உட்கார்ந்தார். அவள் குப்பை கொட்டப் போனால்கூடக் குப்பையை எட்டிப் பார்த்தார்.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கையில் பரணிலிருந்து பித்தளைப் பானை இறங்கியது. நாகம்மாளின் தலைப்பொங்கலுக்கு அவள் அம்மா கொடுத்த சீர்ப்பானை. எட்டு வருஷமாகக் குவார்ட்டர்ஸில் குக்கரில்தான் பொங்கல். அவள் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள்.

“பொங்கல் குக்கர்லதான வைக்கிறோம்?”

“ஆமா.”

“பானை எதுக்கு?”

“போகிக்கு வீட்டச் சுத்தம் பண்ண வேண்டாமா?”

மூன்றாவது கேள்வியை அவர் கேட்கவில்லை. அதற்கு என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். பிடிக்க வேண்டிய நாளும் தெரிந்துவிட்டது. போகிக்கு முந்தின நாள், மேசை எடுக்கிற கடைசி நாள்.

அன்று காலை வழக்கம்போலக் குளித்து, விபூதி பூசி, டிபன் பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினார். ரவுண்டானா வரை போய்த் திரும்பி, வேப்பமரச் சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு சமுதாயக் கூடத்துக்கு வந்தார். சொந்தத் தம்பி கல்யாணத்துக்கே அரை நாள் லீவு போட்டவர் அன்றைக்கு முழு நாள் லீவு. மேசையருகில் இருந்த சந்திரகலா அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“டூட்டிக்குப் போகலீங்களாண்ணா?”

“இதுவும் டூட்டிதான்” என்று சொல்லி நாற்காலியைக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சந்திரகலா போனைத் தேடினாள். “போன் வேண்டாம்மா” என்றார். அவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

பதினோரு மணிக்கு நாகம்மாள் வந்தாள். இடுப்பில் பானை, பழைய வேட்டியில் கட்டி முடிச்சுப் போட்டிருந்தது. வாசற்படியில் அவரைப் பார்த்ததும் நின்றாள். திரும்பிப் போய்விடுவாள் என்று வெள்ளைச்சாமி நினைத்தார். கேட்டில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் ஒரு அடி பின்னால் வைப்பார்கள். அவள் முன்னால் வந்து மேசைமேல் பானையை வைத்தாள்.

“வீட்டுல சும்மா கெடக்கு. யாராச்சும் பொங்கல் வைக்கட்டும்.”

வெள்ளைச்சாமி துணியை விலக்கி விளிம்பைப் பார்த்தார். உள்விளிம்பு வெள்ளை வெளேரென்று மின்னியது. “புதுசா ஈயம் பூசியிருக்கே. வேண்டாம்னு குடுக்கிற பானைக்கு எவளாவது ஈயம் பூசுவாளா?”

“கறுத்துப்போன பானைய ஊருக்குக் குடுக்கறதா?”

பதில் சுத்தமாக இருந்தது. அவள் எதிர்ப்புறம் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். சாமானை வைத்தவர்கள் போய்விடுவார்கள். அவள் போகவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பானைக்குக் காவல் இருந்தார்கள். நடுவில் சந்திரகலா அடுக்கிய சாமானையே திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அரை மணி கழித்து வந்தது ஹரிணி இல்லை. கண்ணகி. பிளாக்கில் நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற வடக்குத்துப் பெண். நேரே பானையிடம் வந்து இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள்.

“நல்லாக் கீது சார். எங்க வூட்ல பொங்கலுக்குப் பான இல்ல, இத எடுத்துகினு போறேன். கனமாக் கீது, உள்ள என்னமோ வெச்சிருக்காங்க போல.”

உள்ளே என்ன இருக்கும் என்று வெள்ளைச்சாமிக்குத் தெரியும். பச்சரிசி, வெல்லம், பாசிப்பருப்பு. மஞ்சள் கொத்தின் இலை முடிச்சுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. சீர். மூன்று வருஷச் சீர்.

அவர் காலண்டர் தாளை எடுத்தார், பேனா மூடியைக் கழற்றினார். முதலில் வந்தவருக்குத்தான் சாமான், அதுதான் மேசையின் சட்டம். சட்டப்படி எழுதிக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது. பானை கண்ணகியோடு போய்விடும். அவர் ஒரு சொல் பேச வேண்டாம், கத்த வேண்டாம், பஸ் ஏற வேண்டாம். கண்ணகியும் சந்தோஷப்படுவாள். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. இதற்காகத்தானே ஒரு வாரமாகக் காத்திருந்தார்?

நிமிர்ந்து பார்த்தார். நாகம்மாள் கண்ணகியைப் பார்க்கவில்லை, பானையையும் பார்க்கவில்லை. அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அவர் எழுதினால் அவள் எதுவும் சொல்ல மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. எழுந்து வீட்டுக்குப் போய்க் குக்கரில் பொங்கல் வைப்பாள். மே மாதம் அவரோடு பஸ் ஏறுவாள். எந்தக் கோயில், என்ன பூசை, யார் வந்திருந்தார்கள் என்று அவர் கேட்டால் சாகிற வரைக்கும் மூன்றுக்கும் பதில் சொல்வாள். அதற்குமேல் ஒரு சொல் அவளிடமிருந்து அவருக்குக் கிடைக்காது. கேட்டில் எத்தனையோ பேரை மிரட்டியவருக்கு, பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்த ஒருத்தியைப் பார்த்துப் பயம் வந்தது.

“அத வச்சிரும்மா” என்றார் கண்ணகியிடம். “அதுக்கு ஏற்கெனவே ஆள் சொல்லியாச்சு.”

முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் காவலுக்கு உட்கார்ந்து அவர் சொன்ன முதல் பொய் அது. காது சுட்டது.

கண்ணகி பானையை வைத்தாள். சும்மா போகவில்லை. “சொல்லி வெச்ச சாமான்னா மேல எழுதி வெக்கக் கூடாதா சார்? பித்தளைன்னா ஆளப் பாத்துத்தான் குடுப்பீங்க போலக் கீது” என்றாள். ஊரைச் சந்தேகப்பட்ட மனிதரை ஒரு பெண் நேருக்கு நேர் சந்தேகப்பட்டாள், அவள் சொன்னதிலும் தப்பில்லை. வெள்ளைச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். சந்திரகலா, “நீ வா கண்ணகி, எங்க வீட்டுல ஒரு எவர்சில்வர் பானை இருக்குது, எடுத்துத் தாரேன்” என்று அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு போனாள்.

கூடத்தில் இரண்டு பேர் மட்டும் மிச்சம். நாகம்மாள் வாய் திறந்தாள்.

“யாரு சொல்லி வச்சது?”

முப்பது வருஷத்தில் அவரிடம் பதிலை எதிர்பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வியாக இருக்கலாம். வெள்ளைச்சாமி பேனாவை மூடினார், திறந்தார்.

பன்னிரண்டு மணிக்கு ஹரிணி வந்தாள். அப்பாவைக் கண்டதும் கதவருகிலேயே நின்றுவிட்டாள். மூன்று வருஷத்தில் கொஞ்சம் கறுத்திருந்தாள், கொஞ்சம் சதை பிடித்திருந்தாள். வெள்ளைச்சாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பழக்கம் விடவில்லை, கையில் பை இருக்கிறதா என்றும் பார்த்தார்.

“என்ன வேணும்?”

“பானை” என்றாள் ஹரிணி.

“தூக்கிட்டுப் போறது யாரு?”

“அவரு வெளிய வண்டிகிட்ட நிக்கறாரு.”

“கொண்டுபோற ஆள் நேர்ல வராம பாஸ் கிடையாது. வரச் சொல்லு.”

அறிவழகன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். கான்ட்ராக்ட்காரனுக்கு லீவு என்றால் அன்றைய சம்பளம் கிடையாது என்பது வெள்ளைச்சாமிக்குத் தெரியும். லீவு போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறான். மேசைக்கு எதிரில், கேட்டில் நிற்பது போலவே நின்றான். வெள்ளைச்சாமி தாளில் எழுதத் தொடங்கினார்.

“பேரு?”

தினமும் பார்க்கிற முகம். பெயர் தெரியாமலா கேட்கிறார்? ஆனாலும் அவன் சொன்னான். “அறிவழகன் சார்.”

வெள்ளைச்சாமி அந்தப் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். அவர் கையால் அதை எழுதியது அதுதான் முதல் தடவை. வீட்டில் அவனுக்கு இதுவரை பெயரே இருந்ததில்லை. அவன், இவன், கான்ட்ராக்ட்காரன் என்பதோடு சரி. சாமான் என்ற இடத்தில் பித்தளைப் பானை ஒன்று என்று எழுதினார். கீழே ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார். ஹரிணி வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். பிறகு அறிவழகனிடம் கொடுத்தாள்.

அவன் படித்துவிட்டுக் குழம்பினான். “சார், திரும்பி வர வேண்டியதுன்னு போட்டுகீறீங்க. மத்தவங்களுக்கெல்லாம் வேணாம்னுதான எழுதிக் குடுத்தீங்க?”

“தேதி போட்டிருக்கேன்ல, பாரு.”

“காணும் பொங்கல்னு கீது சார்.”

“அன்னைக்குத்தான். காலைல பத்து மணி. குவார்ட்டர்ஸுக்குக் கொண்டாரணும். ரெண்டு பேரும் வரணும். சொன்ன தேதிக்குச் சாமான் வரலன்னா எனக்குச் சோறு இறங்காது, இவளக் கேட்டுப் பாரு.”

பெஞ்சில் இருந்த நாகம்மாள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஹரிணி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவும் மகளும் என்ன பேசினார்கள் என்று வெள்ளைச்சாமியின் காதில் விழவில்லை. கேட்க முயலவுமில்லை.

அறிவழகன் பானையைத் தன் பக்கம் இழுத்தான். மூன்று வருஷமாக இந்த மனிதர் முன்னால் எதை வைத்தாலும் தானே திறந்து காட்டிப் பழகிய கை அது. வேட்டி முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியது.

வெள்ளைச்சாமி சட்டென்று முடிச்சின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

“வேணாம். கட்டு அப்படியே இருக்கட்டும், தூக்கிட்டுப் போ.”

அவன் நம்பாமல் அவரைப் பார்த்தான்.

“திரும்பி வரும்போது தொறந்து பாப்பேன்” என்றார் வெள்ளைச்சாமி.